பெரணியும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்

காட்டு மரநிழலில் பல வருஷம் வாழும் பெரணியை வீட்டுக்குக் கொண்டு வந்தா, முதல் பிரச்சினை இலை நுனி கருகுறதுதான். நாம தண்ணியை ஊத்திக்கிட்டே இருப்போம். ஆனா பல சமயம் குறை மண்ணில் இல்லை, காத்துல ஈரம் இல்லாததுதான். என் பால்கனியிலயும் இதே கதை. தேடிப் படிச்சப்போ ஒரு லண்டன் டாக்டர் சிக்கினார் :-)

பேரு நத்தானியல் வார்டு. கிழக்கு லண்டன்காரர். கொல்லையில் கல் அடுக்கி, மேலே குழாய் வச்சு தண்ணி சொட்ட விட்டு பெரணி வளர்த்தார். அக்கம்பக்கத்து ஃபாக்டரிகளோட நிலக்கரிப் புகை எல்லாத்தையும் கொன்னுடுச்சு.

1829 வாக்கில், அந்துப்பூச்சி கூட்டுப்புழு ஒண்ணை ஈரமண்ணோட பாட்டிலில் போட்டு மூடி வச்சார். மண்ணில் ஒரு பெரணியும் புல்லும் தானா முளைச்சது! புதுசா தண்ணியே ஊத்தாம கிட்டத்தட்ட நாலு வருஷம் வாழ்ந்தது. மூடி துருப்பிடிச்சு மழைத்தண்ணி உள்ளே போன பிறகுதான் செத்துச்சு.

சூட்சுமம் ரொம்ப சிம்பிள். பகலில் ஆவியாகிற ஈரம் கண்ணாடியில் படிஞ்சு திரும்ப மண்ணுக்கே வருது. புகையும் உள்ளே வராது.

1833ல் இப்படி மூடின பெட்டிகளில் செடிகளை சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். மாசக்கணக்கான பயணம், உயிரோட போய்ச் சேர்ந்தது. அப்புறம் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இமயமலைப் பக்கம் கொண்டு வந்ததும், 1861ல் நம்ம ஊட்டிக்கு சின்கோனா கன்றுகள் வந்ததும் இந்த 'வார்டியன் கேஸ்' புண்ணியத்தில்தான்.

இத்தோட முடிஞ்சிருந்தா சுபம். 1845ல் பிரிட்டனில் கண்ணாடி வரி போச்சு. வசதியானவங்க வரவேற்பறையில் எல்லாம் பெரணிப் பெட்டி. இந்தப் பைத்தியத்துக்கு 'டெரிடோமேனியா'ன்னு 1855ல் சார்லஸ் கிங்ஸ்லி பேரே வச்சார். காட்டுலேர்ந்து வேரோட பிடுங்கி வித்தாங்க. ஈரப் பாறை இடுக்கில் வாழும் கில்லார்னி பெரணி பல இடங்களில் காணாமலே போச்சு.

எங்க வேலையில் ஒரு பக்கை சரி பண்ணினா இன்னொண்ணு முளைக்கும். இதுவும் அதேதான். வார்டு பெரணிக்கு ஒரு காட்டையே பெட்டிக்குள் கொண்டு வந்தார். ஜனங்க அந்தப் பெட்டியை நிரப்ப காட்டைக் காலி பண்ணினாங்க.

அதனால மக்களே, பெரணி வளர்க்க ஆசையா? நர்சரியில் வளர்த்த கன்றா வாங்குங்க. தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லு முங்காத அளவு தண்ணி விட்டு, அதுமேல தொட்டியை வைங்க. கொல்லிமலை டூர் போனா, அங்கே இருக்கிறதை போட்டோவோட விட்டுட்டு வாங்க.