ஜாலான் புசார் விளையாட்டரங்கம்: அண்மைத் திடல் இரண்டும் நம் வரலாற்று நினைவும்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை ஆராயுங்கால் கோயில், பள்ளி, இதழ், சங்கம் ஆகியவற்றையே நாம் பெரிதும் சான்றாகக் கொள்கிறோம். விளையாட்டுத் திடல்கள் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தின் வரலாறு இக்குறையை நமக்கு உணர்த்துகிறது.

'பெரிய சாலை' என்பது ஜாலான் புசார் என்னும் மலாய்ப் பெயரின் பொருளாகும். இவ்வரங்கம் 1929ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் திறக்கப்பட்டது. தொடக்க ஆட்டத்தில் மலாயாச் சீனர் அணியும் மலாயா ஆசியர் அணியும் மோதின. பின்னர் மலாயாக் கிண்ணப் போட்டிகள் பல இங்கு நடைபெற்றன. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்படும்வரை சிங்கப்பூர்க் காற்பந்தின் முதன்மைத் திடலாக இதுவே விளங்கியது.

இடையில் வந்தது போர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, அருகிலிருந்த ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்கள் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவம் உருவாவதற்கு வழிவகுத்த கூட்டம் அதுவே. அடுத்த நாள் தொடங்கிய 'சூக் சிங்' களையெடுப்பில், ஜாலான் புசார் விளையாட்டரங்கம் சீன ஆடவரை விசாரிக்கும் நிலையங்களுள் ஒன்றாயிற்று. அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட பலர் வீடு திரும்பவில்லை.

ஒரே வாரம், நடைதூரத்தில் இரு திடல்கள். ஒன்றில் ஓரினத்தாருக்கு விடுதலைப் படை பற்றிய அழைப்பு. மற்றொன்றில் வேறோர் இனத்தாருக்கு உயிரச்சம். நம் எழுத்துகள் முன்னதைப் பெருமையுடன் பேசுகின்றன. பின்னதைப் பெரும்பாலும் பிறர் வரலாறாகவே விட்டுவிடுகின்றன. அழைத்தவரும் அழித்தவரும் ஒரே படையினர் என்பதை மறந்து எழுதப்படும் வரலாறு முழுமையுறாது என்பதே நம் கருத்து.

பழைய அரங்கம் 1999 இறுதியில் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 6,000 இருக்கைகளுடன் 2003இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. யங் லயன்ஸ் அணி பல பருவங்கள் இதைத் தன் தாயகத் திடலாகக் கொண்டு ஆடியது. பல இனத்து இளைஞர்களும் ஒரே அணியாக ஆடிய இடம் இது. படிக்கட்டுகளும் கூரையும் மாறின, நிலம் மாறவில்லை. தேக்கா வட்டாரத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள் இவ்விரு திடல்களையும் ஒருசேரக் காட்டுதல் வேண்டும். அண்டை வீட்டாரின் துயரத்தையும் அறிந்தாலன்றி நம் வீட்டின் வரலாறு நமக்கு விளங்காது.