நெரிசலில் பிறந்த கருவி: நுண்ணலை வடிகட்டியின் வரலாறும் பல்லேகலையும்

இலங்கையின் கண்டி மாவட்டத்தில், குண்டசாலைப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள பல்லேகலையில் செய்மதித் தரைநிலையமும் விண்வெளிக் கற்கையகமும் அமைக்கும் திட்டத்தை 2012இல் சுப்ரீம்சாட் நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 27ஆம் திகதி சீனாவின் ஷிசாங்கிலிருந்து ஏவப்பட்ட சைனாசாட் 12இன் ஒரு பகுதிதான் சுப்ரீம்சாட் 1 எனப்பட்டது. வாடகை வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டிய கதை என்று அதை எள்ளலாம். ஆயினும் ஒரே செய்மதியைப் பலர் பங்கிட முடிவது எப்படி என்ற கேள்வி எள்ளலைவிடச் சுவையானது. விடை அதனுள், வேண்டிய மீடிறன்களை மட்டும் கடக்கவிடும் வடிகட்டிகளில் இருக்கிறது. அவற்றின் வரலாற்றைப் பார்த்தால், கோட்பாடு பலமுறை முந்திப் பிறந்து காத்துக் கிடந்திருக்கிறது. நெரிசல் முற்றிய பிறகே அதற்கு வேலை கிடைத்திருக்கிறது.

1915இல் அமெரிக்காவில் காம்ப்பெலும் ஜெர்மனியில் வாக்னரும் தனித்தனியே மின் வடிகட்டியைக் கண்டறிந்தனர். ஒரு கம்பியில் பல தொலைபேசி உரையாடல்களை அனுப்புவதே அன்றைய தேவை. தேவையான துலங்கலை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து சுற்றைத் துல்லியமாகப் பெறும் முறையைக் கவர், டார்லிங்டன் என்ற இருவர் 1930களில் வகுத்தார்கள். கையால் கணக்கிட்ட காலத்தில் அது பெரும்பாடு. பல ஆண்டுகள் அது ஏட்டளவிலேயே நின்றது. கவர் 1945இல் பெர்லினில் கொல்லப்பட்டார். கணினி வந்து அவர் முறை பரவியதை அவர் காணவில்லை.

கிகாஹேர்ட்ஸ் மீடிறன்களில் சுருளும் கொள்ளளவியும் கைவிடுகின்றன. 4 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 7.5 சென்டிமீற்றர்தான், கம்பித்துண்டே அலைவாங்கி ஆகிவிடும். ஆகவே போர்க்கால ரேடார் ஆய்வு உலோகக் குழாய்களையும் பரிவுக் குழிகளையும் நாடியது. ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சீமோர் கோன் 1957இல் அடுத்தடுத்த குழிகளைப் பிணைக்கும் வடிவமைப்பு முறையைத் தந்தார். அங்கிருந்தே 1964இல் மத்தேய், யங், ஜோன்ஸ் மூவரின் பெருநூல் வந்தது.

செய்மதி வந்ததும் நெருக்கடி வேறு விதமாயிற்று. சி அலைப்பட்டையில் ஏறுவழி 6, இறங்குவழி 4 கிகாஹேர்ட்ஸ் அளவில் அமையும். வழக்கமான 500 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை 40 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் பிரித்து, ஒவ்வொன்றிலும் 36ஐப் பயன்படுத்துவார்கள். எஞ்சும் காவல் இடைவெளி 4 மெகாஹேர்ட்ஸ், அதாவது நாலாயிரத்தில் நான்கு. அதற்குள் அண்டை அலைவரிசையை அறுத்துவிட வேண்டும். குழிகளைக் கூட்டினால் வெட்டு கூர்மையாகும், எடையும் ஏறும்.

செய்மதி நிறுவனமான கொம்சாட்டின் ஆய்வகத்தில் அத்தியாவும் வில்லியம்ஸும் 1970களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டனர். உருளைக் குழி ஒன்றில் மின்புலம் நிமிர்ந்தும் கிடையாகவும், ஒன்றையொன்று தொடாமல், இருமுறை பரிவுறும். சுவரில் 45 பாகையில் ஒரு திருகாணியைச் செருகினால் இரண்டும் பிணையும். நான்கு குழிகளின் வேலையை இரண்டு செய்தன. அடுத்தடுத்து இல்லாத பரிவுகளையும் பிணைத்தபோது விளிம்புகள் இன்னும் செங்குத்தாயின. வெப்பத்தில் அளவு மாறாதிருக்க இன்வார் உலோகக்கலவை பயன்பட்டது. என் பார்வையில் இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இந்தத் திருகாணிதான்.

இனிப் பல்லேகலைக்குத் திரும்புவோம். தாலேஸ் அலேனியா ஸ்பேஸ் கட்டிய சைனாசாட் 12இல், சமிக்ஞையை வாங்கி மீள அனுப்பும் ட்ரான்ஸ்பொண்டர்கள் சி அலைப்பட்டையில் 24உம், அதைவிட உயர் மீடிறனுடைய கேயூ அலைப்பட்டையில் 23உம் உள்ளன. கண்டிப் பகுதியின் கனமழைக்குக் கேயூவைவிடச் சி தாங்கும். ஆனால் 5ஜிக்கு உலகெங்கும் விரும்பப்படும் 3.5 கிகாஹேர்ட்ஸ், சி அலைப்பட்டை வாங்கிகளின் வாசலிலேயே நிற்கிறது. பக்கத்துக் கோபுரத்தின் வலிய சமிக்ஞை செய்மதியின் மெல்லிய சமிக்ஞையை மூழ்கடிக்கும். அலைவாங்கியின் முதற்பெருக்கியைக் கொண்ட எல்என்பிக்கு முன் ஓர் அலைவழி வடிகட்டியைப் பொருத்தலாம். அதற்கும் விலை உண்டு: வடிகட்டியின் இழப்பு வெறும் 0.3 டெசிபெல் என்றாலும் இரைச்சல் வெப்பநிலை ஏறத்தாழ 20 கெல்வின் கூடும். நல்ல எல்என்பியின் சொந்த இரைச்சலே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.