எச்சரிக்கைக்கு அடுத்த வரி: லினக்ஸ் கெர்னலில் உட்பிழை கையாளல் குறித்து

நடக்கவே கூடாத ஒரு நிலை தனக்குள் நேர்ந்துவிட்டதைக் கண்டால் லினக்ஸ் கெர்னல் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்ளேயே சுற்றுகிறது. எச்சரிக்கை பதிவான அடுத்த வரியில் நிரல் என்ன செய்கிறது என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது என்பது என் வாதம்.

பழைய வழி பக்_ஆன் (BUG_ON) என்ற மேக்ரோ. தவறான நிலை தெரிந்ததும் ஓடிக்கொண்டிருந்த பிராசஸை அது அங்கேயே கொன்றுவிடும். அந்த பிராசஸ் பிடித்திருந்த பூட்டுகளைத் திறக்க ஆளில்லை. அவற்றுக்காகக் காத்திருப்பவை ஒவ்வொன்றாக உறைந்துபோக, பிழையின் விவரம் வட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே இயந்திரம் முடங்கலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடர்ந்து எதிர்த்துவருவது நியாயமே. புதிய நிரலில் பக்_ஆன் வேண்டாம் என்று கெர்னலின் நிரல்நடை ஆவணமும் சொல்கிறது.

அதற்கு மாற்றான வார்ன்_ஆன் (WARN_ON), அழைப்பு அடுக்கைப் பதிவில் எழுதிவிட்டு மேலே செல்லும். 2015-இல் வெளியான 3.19 பதிப்பிலிருந்து பேனிக்_ஆன்_வார்ன் என்ற அமைப்பும் உண்டு. அதை இயக்கினால் முதல் எச்சரிக்கையிலேயே இயந்திரம் நிற்கும். சிஸ்காலர் போன்ற பிழைதேடும் கருவிகளுக்கு இது இன்றியமையாதது. ஒரு சர்வர் விழுந்தால் மற்றொன்று வேலையை ஏற்கும் இடத்திலும் பொருந்தும். சேமிக்காத வேலையோடு ஒற்றைக் கணினி முன் அமர்ந்திருப்பவருக்குப் பொருந்தாது. எனவே நிறுத்தும் உரிமை இயந்திரத்தின் உரிமையாளருடையது. அந்த உரிமைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: சாதாரணப் பயனர் நிரல் கொடுக்கும் தவறான உள்ளீட்டுக்கெல்லாம் எச்சரிக்கை எழுந்தால், இயந்திரத்தை வீழ்த்தும் வழி எவர் கைக்கும் போய்விடும். அத்தகைய உள்ளீட்டுக்குப் பிழை எண்ணைத் திருப்பினால் போதும்.

எச்சரிக்கை எழுந்தால் அந்த பிராசஸை மட்டும் கொல்லலாம் என்று 2021-இல் ஒரு யோசனை வந்தது. நடுவழிபோலத் தோன்றினாலும், தொடர்வது, நிற்பது, பிராசஸைக் கொல்வது என்ற மூன்றிலும் பலவீனமானது இதுவே. எச்சரிக்கை குறுக்கீட்டின் நடுவே எழலாம். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸுக்கும் பிழைக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

சரியான வழிக்கு கெர்னலுக்குள்ளேயே முன்மாதிரி இருக்கிறது. ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு, வரம்பு மீறிச் சுழன்று பூஜ்யத்துக்கு வந்தால், பயன்பாட்டில் இருக்கும் நினைவகமே விடுவிக்கப்பட்டுவிடும். தாக்குபவருக்கு அது திறந்த வாசல். 2017-இல் 4.11 பதிப்பில் வந்த ரெஃப்கவுண்ட்_டி என்ற எண்ணி வகை இந்த மீறலைக் கண்டதும் எச்சரிக்கிறது. கூடவே எண்ணியை ஒரு குறிப்பிட்ட மதிப்பில் நிரந்தரமாக நிறுத்திவைக்கிறது. அதன்பின் அந்தப் பொருள் விடுவிக்கப்படுவதே இல்லை. கொஞ்சம் நினைவகம் வீணாகும், அவ்வளவே. எந்த இழப்பைத் தாங்கலாம், எதைத் தாங்கக் கூடாது என்பதை அந்த இடத்தை அறிந்தவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார். பொது அமைப்பு எதனாலும் இதைச் செய்ய முடியாது.

வார்ன்_ஆன் தான் சோதித்த நிபந்தனையின் விடையைத் திருப்பித் தருகிறது. ஆகவே அதை ஓர் இஃப் கூற்றுக்குள் வைத்து, அடுத்த வரியிலேயே பிழை எண்ணோடு வெளியேறலாம். அப்படி வெளியேறாமல், சுட்டி (பாயிண்டர்) வெறுமையானது என்று எச்சரித்துவிட்டு அதே சுட்டியைப் பயன்படுத்தும் நிரலை மதிப்பாய்வாளர்கள் ஏற்கக் கூடாது.