ஆந்தியும் இதயமும்: கணக்கில் வராத மரணங்கள்

வட இந்தியர் 'ஆந்தி' என்றழைக்கும் புழுதிப்புயலைப் பற்றி 1860இல் தனிநூல் வெளியிட்டவர் பேடிலி, வங்காளப் படையின் அறுவை மருத்துவர். மருத்துவராயினும், அவர் நூலில் முதன்மையாக ஆராய்ந்தது காற்றின் சுழற்சியையும் மின்னூட்டத்தையுமே. அப்பார்வை இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை. 2018 மே 2 அன்று இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் வீசிய புயலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுவரும் மரமும் வீழ்ந்து இறந்தோர் எண்ணப்பட்டனர். நுண்துகள்களோ நுரையீரலில் அழற்சியை உண்டாக்கி, குருதி உறையும் போக்கை மிகுவித்து, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்க வல்லவை. அவ்விளைவு புயல் ஓய்ந்த பின்னரும் நீளும். அந்நாள்களில் நகரத்தில் மாரடைப்பால் இறப்பவரின் சான்றிதழில் 'புழுதி' என்னும் சொல் இடம்பெறுவதில்லை. ஆகவே, புயலின் வரலாற்றை எழுதுவோர் வானிலைப் பதிவேட்டோடு இறப்புப் பதிவேட்டையும் நாள்வாரியாக ஒப்புநோக்குதல் வேண்டும்.