இருபத்தைந்தாம் வாசல்

கோவை கணபதியில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் 2002இல் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். அந்த வருடத் தொடக்கத்தில் கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்தோம். பிசிகுவெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடி, கணக்குப் பிரிவில் கழித்துப்போட்ட பென்டியம் பெட்டி, 64 கேபி லீஸ்டு லைன். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை. முதல் மெயில் வெளியே போய், அதற்குப் பதிலும் வந்து சேர்ந்த அன்று மாலை அந்தப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

ஏப்ரலில் முதலாளி ஹானோவர் பொருட்காட்சிக்குப் போனார். ஓட்டல் அறையிலிருந்து அவரால் மெயில் அனுப்ப முடியவில்லை. அலுவலகத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் கொடுக்கும் மெயிலை மட்டுமே சர்வர் வாங்கி வெளியே அனுப்பும், அப்படித்தான் அமைத்திருந்தேன். அவர் போனில் அவசரப்படுத்தவும், யார் கொடுத்தாலும் வாங்கி அனுப்பு என்று ஒரு வரியை மாற்றிவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலை வந்து பார்த்தால் டிஸ்கில் இடமில்லை. வெளியே போகக் காத்திருக்கும் கியூவில் நாற்பதாயிரம் மெயிலுக்கு மேல். ஒன்றுகூட எங்களுடையது அல்ல. மருந்து, கடன், சூதாட்டம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ எவனோ ஒருவன் எங்கள் கதவு திறந்து கிடப்பதைக் கண்டுபிடித்து, எங்கள் பெயரில் ஊருக்கெல்லாம் குப்பை கொட்டியிருந்தான்.

வியாழக்கிழமை ஊர் திரும்பிய முதலாளி என் மேசைக்கே வந்துவிட்டார். "என்னங்க தம்பி, ஜெர்மனிக்காரருக்கு நம்ம கொட்டேஷன் போய்ச் சேரலீங்களாமா?"

சேரவில்லை. எங்கள் ஐபி எண் கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. ஆனால் திரும்பி வந்த மெயிலிலேயே எல்லாம் எழுதியிருந்தது: எந்தப் பட்டியல், எதற்காக, எந்தத் தேதியில், எதைச் சரிசெய்தால் நீக்குவார்கள் என்று. அந்த ஒரு வரியைத் திருத்தினேன். எழுதிக் கேட்டேன். இரண்டாம் நாள் எங்கள் எண்ணை எடுத்துவிட்டார்கள். தப்பு செய்தவனுக்குத் தப்பு என்னவென்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வரி மாறியதற்கே இவ்வளவு நடக்கும் என்றால் இந்த ஏற்பாட்டை யார், எந்த நம்பிக்கையில் கட்டினார்கள் என்று அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு மெயில் அனுப்பினார். ஆளின் பெயருக்கும் இயந்திரத்தின் பெயருக்கும் நடுவில் அட் குறியை வைத்தவர் அவர்தான். நாலே வருடத்தில், 1975 நவம்பரில், ஜான் போஸ்டல் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். ஆர்.எஃப்.சி. 706 என்று அதற்குப் பெயர். வேண்டாத மெயில் வந்தால் அதை வாங்காமல் மறுக்க ஒரு கம்ப்யூட்டருக்கு வழியே இல்லையே என்பதுதான் அதில் அவர் எழுப்பிய கவலை. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்யூப்மென்ட் கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், புதுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள் என்று இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அப்போது அதற்கு ஸ்பாம் என்று பெயரில்லை. டப்பாவில் அடைத்த இறைச்சியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தும் 1970ஆம் வருட மான்டி பைத்தான் நகைச்சுவைக் காட்சியிலிருந்து அந்தப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. தமிழில் எரிதம் என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்குப் பிடித்த சொல். ஆனால் என்னோடு வேலை பார்த்த யாரும் ஸ்பாம் என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை.

முன்கூட்டியே கவலைப்பட்ட அதே போஸ்டல்தான் 1982 ஆகஸ்டில் மெயில் பரிமாற்றத்துக்கான விதிகளை, எஸ்.எம்.டி.பி.யை, எழுதினார். சர்வரின் 25ஆம் எண் வாசலில் வந்து நிற்பவர் ஹலோ சொல்வார். இன்னாரிடமிருந்து என்பார். இன்னாருக்கு என்பார். மெயிலைப் படித்து முடித்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வைப்பார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருப்பவர் 250, அதாவது சரி, என்று பதில் சொல்வார். அவ்வளவுதான் பேச்சு. "இன்னாரிடமிருந்து" என்பது உண்மையா என்று கேட்கும் இடம் அதில் இல்லை. இன்லண்ட் லெட்டரில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்பதில்லை. ஆனால் இன்லண்ட் லெட்டருக்கு அனுப்புகிறவர் காசு கொடுக்கிறார். மெயிலில் டிஸ்க், லைன், வாசிக்கும் நேரம் என்று பெரும்பகுதிச் செலவு வாங்குகிறவர் தலையில். அடுத்த நாற்பது வருடத் தொல்லைக்கு விதை அங்கேதான் இருக்கிறது.

போஸ்டலை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக்காரர்கள். முன்பின் தெரியாத சர்வரின் மெயிலை வாங்கி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவது அப்போது நல்ல பழக்கம். வழிப்போக்கருக்குத் திண்ணை விட்டுக் கட்டிய வீடுகள் அவை. பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்ற சர்வர் நிரல் அந்தத் திண்ணையோடுதான் உலகமெங்கும் போனது. 1988இல் மாரிஸ் புழு என்ற நச்சு நிரல் உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று அதன் பிழைதிருத்தும் கதவு. 1998இல் வந்த 8.9ஆம் பதிப்பில்தான் திண்ணையைத் தானாகவே அடைத்துவைத்தார்கள். கோவையில் நான் திறந்துவிட்டது அதைத்தான்.

கறுப்புப் பட்டியலின் கதையும் அந்தக் காலத்ததுதான். 1997இல் கலிபோர்னியாவில் பால் விக்ஸி, குப்பை அனுப்பும் ஐபி எண்களைத் தொகுத்தார். அதை டி.என்.எஸ். வழியாகவே யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி பிறகு செய்தார்கள். இணையத்தில் பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாடு டி.என்.எஸ். அதையே கொஞ்சம் திருப்பிப் பிடித்தார்கள். வாசலில் நிற்பவரின் எண் 1.2.3.4 என்றால், அதைத் தலைகீழாக 4.3.2.1 என்று மாற்றி, பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்துக் கேட்பது. 127.0.0.2 என்று பதில் வந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார். ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருந்த கருவியைக் கொண்டு, புதிதாக எதையும் நிறுவாமல், கண் இமைக்கும் நேரத்தில் விசாரணை முடிகிறது. இதைவிடச் சிக்கனமான ஒரு யோசனையை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

2003இல் வீட்டிலும் ஒரு சர்வர் வைத்தேன். அதில் சென்ட்மெயில் வேண்டாம் என்று போஸ்ட்பிக்ஸ் போட்டேன். ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த வீட்செ வெனெமா 1998 டிசம்பரில் வெளியிட்டது. ஒரு பெரிய நிரலுக்குப் பதில் பல சின்ன நிரல்கள். வாசலில் பேசுகிறவனுக்குப் பெட்டியில் போடும் அதிகாரம் இல்லை. பெட்டியில் போடுகிறவன் வாசலுக்கு வருவதில்லை. மூல நிரலைத் திறந்தால் கதைப் புத்தகம் போல வாசிக்கலாம். எனக்கு சி மொழி ஒழுங்காகப் புரிந்ததே அதை வாசித்துத்தான்.

ஸ்பாமைப் பிரிக்க ஸ்பாம்அசாசின். அயர்லாந்துக்காரரான ஜஸ்டின் மேசன் 2001 ஏப்ரலில் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். நூற்றுக்கணக்கான விதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் ஸ்பாம். எந்தெந்த விதிக்கு எவ்வளவு விழுந்தது என்பதை அந்த மெயிலின் தலைப்பகுதியிலேயே எழுதிவைத்துவிடும்.

அந்தக் கணக்குச் சீட்டுதான் என்னைக் காப்பாற்றியது. சிங்கப்பூரிலிருந்து என் சின்ன மாமா முரசு அஞ்சல் மென்பொருளில் தட்டச்சு செய்து தமிழில் எழுதுவார். யூனிகோடு பரவாத காலம். டிஸ்கி என்ற எட்டு பிட் குறியீட்டில் வரும். மூன்று வாரமாக அவர் கடிதம் வரவில்லை. போனில் கேட்டால், "நீதான்டா பதில் போடல" என்றார். ஸ்பாம் பெட்டியில் தேடினால் நான்கு கடிதங்கள். சீட்டைப் பார்த்தேன். பொருள் வரியில் சட்டத்துக்குப் புறம்பான எழுத்துகள் அதிகம் என்று ஒரு விதி, பெரிய மதிப்பெண். "அன்புள்ள மருமகனுக்கு" என்பதுதான் அந்தப் பொருள் வரி.

கோபம் வந்தது. ஆனால் விதி எழுதியவர் மேல் பழியில்லை. பொருள் வரியில் எட்டு பிட் எழுத்துகளை அப்படியே பச்சையாகப் போடக்கூடாது, பொதிந்து அனுப்ப வேண்டும் என்பது மெயிலின் சட்டம்தான். மாமாவின் மென்பொருள் அதைச் செய்யவில்லை. சீனக் குப்பை அனுப்பியவர்களும் செய்யவில்லை. ஆகவே மாமாவும் அவர்களும் ஒன்றாகிவிட்டார்கள். எழுத்து வகையைக் கொண்டு மெயிலை ஏற்கும் இன்னொரு அமைப்பில் ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ரஷ்யம், தாய், சீனம் என்று ஆறு குறிகள்தான் இருந்தன. நாம் அதில் இல்லை. மொழியைக் கணிக்கும் வேறொரு பகுதியில் தமிழுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். எதுவானாலும் விதிக்கோப்பு என் கையில் இருந்தது. அந்த விதியின் மதிப்பெண்ணைச் சுழியமாக்கினேன். மறுநாள் மாமாவின் ஐந்தாவது கடிதம் நேராக உள்ளே வந்தது.

அதற்குள் காற்று வேறு பக்கம் திரும்பியிருந்தது. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் ஒரு கட்டுரை எழுதினார்: விதி எழுத வேண்டாம், நல்ல மெயில்களையும் கெட்ட மெயில்களையும் காட்டினால் எந்தச் சொல் எதில் வரும் என்று நிரலே கணக்கிட்டுக்கொள்ளும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாதிரியார் தாமஸ் பேயஸின் நிகழ்தகவுக் கணக்கு. மற்றவர்கள் முன்பே தொட்டிருந்த யோசனைதான்; அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. ஸ்பாம்அசாசினிலும் சேர்த்தார்கள். நல்லது 200, கெட்டது 200 காட்டும் வரை அது வாயைத் திறக்காது. கெட்டது 200 ஒரே வாரத்தில் சேர்ந்தது. நல்லது 200 சேர எனக்கு மூன்று மாதம் ஆனது.

தமிழ் மெயில்கள் யூனிகோடுக்கு மாறியபோது, அந்தக் கற்கும் நிரலைச் சோதனை முறையில் ஓட்டிப் பார்த்தேன். பழைய பதிப்புகளில் மெயிலைச் சொல் சொல்லாக வெட்டும் பகுதி மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. யூ.டி.எஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாவது பைட் அந்த நிரலின் கண்ணுக்கு எழுத்தே அல்ல, இடைவெளி ஆக்கிவிடும். ஆக, புள்ளி வந்த இடத்திலெல்லாம் சொல் அறுந்தது. க, ச, ட மூன்றுக்கும் அதே கதி. த, ப, ம தப்பித்தன. திரையில் ஓடிய அந்தத் துண்டுகளைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. ஆனால் சொன்னால் நம்ப வேண்டும், அது கற்றுக்கொண்டது. ஒரே சொல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தானே அறுகிறது. மாமாவின் துண்டுகள் வேறு, கடன் தருகிறேன் என்பவனின் துண்டுகள் வேறு.

2003இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த சாம்பல் பட்டியலை நான் 2006இல் போட்டேன். முதன்முறை வருபவரிடம் "இப்போது முடியாது, பிறகு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது. போஸ்ட்கிரே நிரலில் 300 நொடி. ஒழுங்கான சர்வர் காத்திருந்து திரும்ப வரும். குப்பை கொட்டும் நிரலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நாளுக்கு எண்ணூறு என்று வந்துகொண்டிருந்தது எழுபதுக்கு இறங்கியது. 2008 நவம்பர் 12, புதன்கிழமை காலை லாக் இன்னும் வெறிச்சென்று இருந்தது. சர்வர் படுத்துவிட்டதோ என்று பதறினேன். கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஒரே நிறுவனத்தின் இணைப்பை முந்தின நாள் துண்டித்திருந்தார்கள். உலக ஸ்பாமில் பாதிக்கும் மேல் ஒரே இரவில் நின்றுபோனது. சில மாதத்தில் பழையபடி ஆனது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; "இன்னாரிடமிருந்து" என்பது உண்மையா என்று போஸ்டல் கேட்காமல் விட்டதைக் கேட்பதற்கான ஏற்பாடுகள். 2024 பிப்ரவரியிலிருந்து தங்களிடம் பெருமளவில் மெயில் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் விதித்தன. நியாயமான விதி. நாளுக்குப் பத்து மெயில் அனுப்பும் நானும் மூன்றையும் வைத்திருக்கிறேன். வீட்டு பிராட்பேண்ட் எண்களை மொத்தமாகப் பட்டியலில் போட்டபோது மாதவாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தேன். பெயரும் எண்ணும் இருபக்கமும் பொருந்தும்படி பதிவு செய்தேன். எந்தப் பட்டியலிலும் என் எண் இல்லை.

போன வருடம், என்னோடு கம்பெனியில் இருந்த நண்பருக்கு மகள் கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதினேன். அவர் பெட்டி ஒரு பெரிய இலவச சேவையில். 250 என்று பதில் வந்தது, வாங்கிக்கொண்டார்கள். அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்பாம் பெட்டியில்கூட இல்லை. சேவையின் படிவத்தில் இரண்டு முறை எழுதினேன். உங்கள் முகவரி நிவாரணத்துக்குத் தகுதி பெறவில்லை என்ற பொருளில் ஒரு இயந்திரப் பதில். எந்த விதி, எத்தனை மதிப்பெண், எந்தத் தேதி, எதைத் திருத்த வேண்டும் என்று ஒன்றும் இல்லை. திறந்து பார்க்க விதிக்கோப்பும் இல்லை. 2002இல் நான் உண்மையிலேயே குற்றவாளி. அன்று எனக்குக் காரணம் சொன்னார்கள். அதை நினைத்து, இந்த இயந்திரப் பதில் வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போதும் ஞாயிறு காலையில் என் ஸ்பாம் பெட்டியை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் காலி செய்கிறேன். போன வாரம் 41. அதில் ஒன்று, உடுமலைப்பேட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், எங்கள் பழைய கம்பெனியின் பம்ப் ஒன்றுக்கு உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். சீட்டைப் பார்த்தேன்: 5.1. அவர் அனுப்பிய சர்வருக்குத் தலைகீழ்ப் பெயர்ப்பதிவு சரியில்லை. மெயிலை நல்ல பெட்டிக்கு மாற்றி, கற்கும் நிரலை ஓட்டினேன். ஒரு மடல் பார்க்கப்பட்டது, ஒரு மடலிலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தது. உதிரிப்பாகம் காந்திபுரத்தில் ஒரு கடையில் கிடைக்கும். முகவரியை எழுதி, கீழே அவர் சர்வரில் திருத்த வேண்டிய அந்த ஒரு வரியையும் எழுதி அனுப்பினேன்.