செம்பவாங்கிற்குத் திரும்பி வந்த அங்குலம்

1938 பிப்ரவரி 14ஆம் நாள் சிங்கப்பூரின் செம்பவாங்கில் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையின் நீளம் ஏறத்தாழ 1,000 அடி. தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் உழைத்த அந்தப் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் அடியும் அங்குலமும்தான் அளவு. அக்காலப் பிரிட்டிஷ் அலுவலகங்களின் தாளும் அப்படியே: 8 அங்குல அகலம், 13 அங்குல நீளமுள்ள ஃபுல்ஸ்கேப்.

1968இல் அந்தத் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி 1971இல் வெளியேறியது. மெட்ரிக் அளவு முறைக்கு நாடு மாறத் தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். ஜெர்மனியில் 1922இல் வால்டர் போர்ஸ்ட்மன் வகுத்த ஏ-வரிசைத் தாள் மெல்ல மெல்ல ஊரெங்கும் பரவியது. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 நீளம். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. அழகான கணக்கு அது.

துரத்திவிட்ட அங்குலம் கணினிக்குள் ஒளிந்து திரும்பி வந்தது. சொல் தொகுப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்தவை. அவற்றுக்குப் பழகிய தாள் எட்டரைக்குப் பதினொன்று அங்குல ‘லெட்டர்’. அது ஏ4ஐ விட 6 மில்லிமீட்டர் அகலம் கூடியது, 18 மில்லிமீட்டர் நீளம் குறைந்தது. அமைப்பை மாற்றாமல் அச்சிட்டால், பொங்கல் விழா அறிக்கையைச் சுற்றி விளிம்பையொட்டிப் போட்ட கட்டத்தின் வலப்பக்கக் கோடு தாளுக்கு வெளியே போய்விடக்கூடும். அடியில் மட்டும் வெற்றிடம் கிடக்கும். பழி பிரிண்டர்மேல் விழும்.

பிரிண்டருக்கும் அதில் பங்கு உண்டு என்பது உண்மை. வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் பெரும்பாலான பிரிண்டர்களால் தாளின் விளிம்புவரை அச்சிட முடியாது. நான்கைந்து மில்லிமீட்டர் ஓரம் வெறுமையாகவே நிற்கும்.

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. யூனிகோடு பரவுமுன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீடு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழே வராது. வேறொன்றைப் போட்டு மீட்டாலும் எழுத்தின் அகலம் மாறி, வரிகள் உடைந்து, கடைசிப் பத்தி அடுத்த பக்கத்துக்கு ஓடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் முன்னோடி சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. கணியன் விசைப்பலகையைத் தந்த அவர் முன்னின்று நடத்தியதே 1997ஆம் ஆண்டின் தமிழ்நெட் மாநாடு. இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்தது தமிழ்க் கணிமைக்குப் பேரிழப்பு.

1993இல் வந்த பிடிஎஃப், எழுத்துருவையும் கோப்போடு சேர்த்தனுப்ப வழி செய்தது. தாளின் அளவு மட்டும் உருவாக்கியவர் வைத்தபடியே உறைந்திருக்கும். லெட்டர் கோப்பை ‘தாளுக்குப் பொருத்து’ என்று ஏ4இல் அச்சிட்டால் எல்லாம் ஏறத்தாழ 97 விழுக்காடாகச் சுருங்கும். படிக்கத் தடையில்லை. ஆனால் கணக்குத் தாளில் 10 சென்டிமீட்டர் என்று போட்ட கோட்டை மாணவர் அளவுகோல் வைத்து அளந்தால் 9.7தான் வரும்.