சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

சென்னையின் குடியிருப்போர் நலச் சங்கங்கள் புதிய மனைப்பிரிவுகளோடு சேர்ந்து வளர்ந்தவை. 1920-களில் ஏரிநிலத்தைத் தூர்த்து உருவான தியாகராய நகர், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கூட்டுறவு வீடுகட்டும் சங்கம் அமைத்த அடையாறு காந்தி நகர், 1961-இல் தொடங்கிய வீட்டுவசதி வாரியம் எழுப்பிய அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் ஆகிய பகுதிகளில் குடியேறியவர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் கோயிலையும் மாடவீதியையும் சுற்றி அமைந்திருந்த பொதுவாழ்வு இங்கே இல்லை. பல இடங்களில் வீடு முதலில் வந்தது. தார்ச்சாலையும் தெருவிளக்கும் பாதாளச் சாக்கடையும் பின்னால் வந்தன. அவற்றைக் கேட்டு வாங்கத் தனித்தனி மனுக்கள் போதவில்லை. செயலாளரின் கையெழுத்தும் சங்க முத்திரையும் கொண்ட மனுவுக்கு அலுவலகங்களில் கூடுதல் மதிப்பு இருந்தது.

இத்தகைய அமைப்புகளுக்குச் சட்ட வடிவம் தந்தது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். ஏழு பேர் கூடினால் சங்கம் பதியலாம்; ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கைப் பதிவாளருக்கு அளிக்க வேண்டும். பதிவு பெற்ற சங்கம் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும் வழக்குத் தொடுக்கவும் முடிந்தது.

ஆனால் சங்கங்கள் வலுப்பெற்றதற்குச் சட்டத்தைவிட முக்கியமான காரணம் மாநகராட்சியின் நிலைமை. 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. மஸ்டர் ரோல் எனப்படும் தினக்கூலி வருகைப் பதிவேட்டில் நடந்த ஊழல் பற்றிய புகார்களுக்கு இடையே 1973-இல் அதன் மன்றம் கலைக்கப்பட்டது. அதன்பின் 1996 வரை, ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள், தேர்தலே நடக்கவில்லை. நகரைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் தனி வாரியத்தின் கைக்குப் போயின. சாலையை வெட்டுவது ஒரு துறை, மூடுவது இன்னொரு துறை என்றாகிவிட்ட நகரில், கேட்பதற்குக் கவுன்சிலரும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை தெருச் சங்கங்கள். சென்னையில் அவை பெற்ற செல்வாக்கை இந்த நீண்ட இடைவெளியிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

மனு கொடுப்பதிலிருந்து தாமே வேலையை எடுத்துச் செய்வதற்குச் சங்கங்கள் நகர்ந்தது குப்பைப் பிரச்சினையால். 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் ஒவ்வொரு தெருவையும் ஓர் அலகாகக் கொண்டது. தெருவாசிகள் கூடி மாதச் சந்தா வசூலித்தார்கள். மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கினார்கள். ஒருவரை வேலைக்கு அமர்த்தினார்கள். அவர் காலையில் வீடு வீடாகச் சென்று குப்பையைச் சேகரித்து, மாநகராட்சித் தொட்டியில் சேர்த்தார். அதுவரை குப்பை பொறுக்கிப் பிழைத்துவந்த பலர் இந்த ஏற்பாட்டால் மாதச் சம்பளம் பெற்றார்கள். ‘தெரு அழகுபடுத்துவோர்’ என்ற புதிய பெயரும் அவர்களுக்குக் கிடைத்தது. தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துப் பழகிய நகரில் இது பெரிய மாற்றம். வீட்டு வாசலில் குப்பை வாங்கும் முறையைப் பல பகுதிகளில் முதலில் நடத்திக் காட்டியவர்கள் இந்தத் தெருவாசிகளே. 2000-இல் மூன்று மண்டலங்களின் துப்புரவுப் பணி ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்த நிறுவனங்கள் வாசலுக்கே வரத் தொடங்கியபின் சங்கங்களின் வண்டிகள் படிப்படியாக ஓய்ந்தன.

மழைநீர்ச் சேகரிப்பின் கதை இதற்கு நேர்மாறாக முடிந்தது. கடலோரப் பகுதியான பெசன்ட் நகரில் நிலத்தடி நீர் உவர்ப்பாகிவிடும் என்ற அச்சத்தால், 1990-களில் சேகர் ராகவன் உள்ளிட்டோர் வீடு வீடாகச் சென்று மழைநீரை மண்ணுக்குள் இறக்கும்படி வற்புறுத்தினர். 2002-இல் இதற்கென மழை மையம் அமைந்தது. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. தெருவில் தொடங்கிய பழக்கம் மாநிலம் முழுவதற்குமான விதியானது.

பூங்காக்களைக் காப்பது இவற்றைவிடச் சத்தமின்றி நடந்த பணி. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் பூங்காவாக இருக்கும் இடம் வேலியின்றிக் கிடந்தால் நாளடைவில் கடையாகவோ வீட்டுமனையாகவோ மாறிவிடும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தேடி எடுத்து மண்டல அலுவலகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அலைந்த சங்கங்களால் காப்பாற்றப்பட்ட நிலம் கொஞ்சமல்ல. பணி ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் செயற்குழுவில் இருந்தது இதற்குப் பெரிதும் உதவியது. கோப்பு எந்த மேசையில் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2011-இல் 42 உள்ளாட்சிகளை இணைத்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சங்கங்களின் போராட்டக் களமும் புறநகருக்கு நகர்ந்தது. அங்கே தலையாய பிரச்சினை ஏரி. சிட்லப்பாக்கத்தில் ஏரிக்கரையில் கொட்டப்பட்ட குப்பைக்கும் நீர்வழி ஆக்கிரமிப்புக்கும் எதிராகக் குடியிருப்பவர்கள் பல ஆண்டுகள் இடைவிடாமல் உழைத்தார்கள். விடுமுறை நாட்களில் தாங்களே இறங்கித் துப்புரவும் செய்தார்கள். 2019-இல் ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2015 டிசம்பர் வெள்ளம் நீர்வழிகளின் அருமையை நகரம் முழுவதற்கும் உணர்த்தியிருந்ததும் இத்தகைய கோரிக்கைகளுக்கு வலுவூட்டியது.

இந்த வரலாற்றில் ஒரு பெருங்குறையும் உண்டு. பெரும்பாலான சங்கங்கள் வீட்டு உரிமையாளர்களின் சங்கங்களாகவே இருந்துவந்தன. அதே வட்டத்தில் வாழும் வாடகைக் குடித்தனக்காரர்கள், குப்பத்து மீனவர்கள், கால்வாயோரக் குடிசைவாசிகள் ஆகியோரின் தேவைகள் பொதுக்குழுவில் பேசப்பட்டது அரிது. நடைபாதை வியாபாரிகளையும் குடிசைகளையும் அகற்றக் கோரிய சங்கங்களும் இருந்தன. அப்படி அகற்றப்பட்டவர்களில் பலர் நகருக்கு வெளியே கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். அண்மைக் காலத்தில் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தின் கீழ் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளிலும் நலச் சங்கங்கள் அமைக்கப்படுகின்றன. குடியிருப்போர் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு இணையான தொகையை அரசும் வழங்குகிறது.

2016-இல் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் மீண்டும் 2022 வரை சென்னைக்குத் தேர்தல் இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியிருந்தது. தெரு அளவில் மக்கள் பங்கேற்பதற்கான வார்டு குழு, பகுதி சபை விதிகளோ தமிழ்நாட்டில் 2022-இல்தான் வெளியாயின. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் முதலமைச்சர் கலந்துகொண்டார். வார்டு குழுவின் தலைவர் கவுன்சிலர். பகுதிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். இது ஒரு குறைபாடாகச் சுட்டப்படுவது நியாயமே. இருப்பினும் பகுதி சபையில் இடம்பெறச் சந்தாவோ பத்திரமோ தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். வீட்டு உரிமையாளரும் அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவரும் கால்வாயோரம் வாழ்பவரும் ஒரே அவையில் உறுப்பினர்களாவது சென்னையின் குடியிருப்போர் அமைப்புகளின் வரலாற்றில் புதிய ஏற்பாடு.